அடக்குவதும் பழக்குவதும்

நம் சரித்திர நாவல்களிலும் படங்களிலும் வருகிற குதிரைகளுக்கு நான்கு கால் இருக்கிறது, பிடரி இருக்கிறது, வேகம் இருக்கிறது. காது மட்டும் இல்லை. பக்கத்தில் முரசு அதிர்ந்தாலும், யானை பிளிறினாலும், தீ எரிந்து சரிந்தாலும் அவை நேராக ஓடிக்கொண்டே இருக்கின்றன. சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்காது. தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும் நாயையும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் மாட்டையும் பார்த்தே வளர்ந்தோம். மாடே இப்படி மிரளும் என்றால், குதிரை?

குதிரை வேட்டையாடும் விலங்கு அல்ல, வேட்டையாடப்படும் விலங்கு. முகத்தின் இரு பக்கமும் கண் இருப்பதால் கிட்டத்தட்ட தன்னைச் சுற்றிலும் பார்க்கும். இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும். நமக்குக் கேட்காத உச்ச ஒலிகளும் அதற்குக் கேட்கும். ஆபத்து என்று தோன்றினால் அது முதலில் செய்வது ஓடுவது. போர்க்களம் அதனிடம் கேட்பதோ நேர் எதிரானது: சத்தத்தை நோக்கி ஓடு. ஆகவே போர்க்குதிரை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது.

ஐரோப்பிய ஈட்டிப் பந்தயத்தைப் பாருங்கள். கவசமணிந்த இரண்டு பேர் குதிரைமேல் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் விளையாட்டு. குதிரைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க 15ஆம் நூற்றாண்டில் நடுவே நீளத் தடுப்பு வைத்தார்கள். சில குதிரைகளின் முகக் கவசம் கண்ணையே மூடிவிடும். இன்றும் சில இடங்களில் இதை நிகழ்த்திக் காட்டுகிறார்கள். அதற்கான குதிரையை ஒரே நாளில் களத்தில் இறக்கிவிட முடியாது. முதலில் ஈட்டியைச் சும்மா முகரக் கொடுக்க வேண்டும். பிறகு அதைப் பிடித்தபடி மெல்ல நடத்த வேண்டும். சத்தத்தைத் தூரத்தில் தொடங்கி, நாள் கணக்கில் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பழகிய வயசாளிக் குதிரை ஒன்றைத் துணைக்கு நிறுத்த வேண்டும். மிரண்டால் அடிக்கக் கூடாது. அடித்தால் சத்தத்தோடு வலியும் சேர்ந்து மனசில் பதிந்துவிடும்.

தமிழில் இதற்கு அழகான வார்த்தை உண்டு: பழக்குதல். ஆனால் நம் கதைகளுக்குப் பிடித்த வார்த்தை வேறு: அடக்குதல்.

தேசிங்குராஜன் கதைப்பாடலை எடுத்துக்கொள்வோம். டில்லியில் ஒருவருக்கும் அடங்காத குதிரை. செஞ்சி இளைஞன் அதன்மேல் ஏறி அடக்குகிறான், புகழ் பெறுகிறான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த நிஜ மனிதன் அவன். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படமாகவும் வந்தது. கதையில் குதிரை ஒரு பரீட்சை. வென்றதும் அது வீரனின் பட்டம் ஆகிவிடுகிறது. பயத்தை அப்படி அடக்க முடியாது என்பதுதான் விஷயம். பயத்தைப் பழக்கத்தான் முடியும். அதைச் செய்கிறவன் வீரன் இல்லை, குதிரைக்காரன்.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ குதிரையோடுதான் தொடங்குகிறது. ஆடிப் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, வந்தியத்தேவன். நெடுந்தூரம் வந்ததில் அவன் குதிரை களைத்துப் போயிருக்கிறது, மெதுவாக நடக்கிறது. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை, ஏரியின் அழகு அவனை மயக்கிவிட்டது என்கிறார் கல்கி. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். கல்கி குதிரையின் களைப்பைப் பார்த்துவிட்டார், சொல்லியும்விட்டார். அடுத்த வரியிலேயே கதாநாயகனோடு சேர்ந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார். பிறகு வந்த நூறு சரித்திர நாவல்கள் அந்தத் திருப்பலை மட்டும் கற்றுக்கொண்டன. களைப்பைக்கூட விட்டுவிட்டன.

பழைய கதைகள் அப்படி இல்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறார். என்ன வேடத்தில்? குதிரைச் சேவகனாக. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அவர் குதிரை இலக்கணமும் சொல்லித்தான் ஒப்படைக்கிறார். கடவுளே குதிரைக்காரனாக வந்த நாட்டில்தான் நவீன நாவலாசிரியனுக்குக் குதிரைக்காரன் கண்ணில் படவில்லை.

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: அரசரும் அவர் சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருஷாவருஷம் வாங்குகிறார்கள், வருஷ முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லை, அப்படிப்பட்டவர்களை வியாபாரிகள் வரவிடுவதும் இல்லை. எண்ணிக்கையில் மிகை இருக்கட்டும். எங்கள் விருதுநகர்ச் சீமை அன்று பாண்டிய நாடு. இந்தச் செத்த குதிரைகளைப் பற்றி ஒரு நாவல்கூட எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

குதிரையோடு புழங்கியவர்களின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பழமொழிக்குத்தான் போக வேண்டும். ‘கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்.’ ஒரே வரியில் குதிரைக்குப் பசி, விருப்பம், மறுப்பு எல்லாம் வந்துவிட்டது.

சினிமாவில் இது வெறும் ரசனைக் குறை இல்லை. 2021இல் ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பின்போது ஹைதராபாத் அருகே ஒரு குதிரை இறந்து, போலீஸ் வழக்குப் பதிந்தது செய்தியானது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. படத்தில் எல்லோரும் நடிக்கிறார்கள், குதிரைக்கு நடிக்கத் தெரியாது. கத்தி அட்டையாக இருக்கலாம், ரத்தம் சாயமாக இருக்கலாம். வெயில், புகை, சத்தம், ஓட்டம் எல்லாம் அதற்கு நிஜம். திரையில் நாம் பார்க்கிற போரில் நிஜமாகவே போருக்குப் போய் வந்தது அது ஒன்றுதான்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சாரட் வண்டி, வெள்ளைக் குதிரை, முன்னால் பத்தாயிரம் வாலா. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிரைக்காரர் மட்டும் அதன் கழுத்தில் ஒரு கையை வைத்து, காதுக்குப் பக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டே நின்றார். “என்ன அண்ணாச்சி சொல்றீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல தம்பி, என் சத்தம் கேக்குற வரைக்கும் அது நிக்கும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான ஒன்றை நம் சரித்திர நாவல்களில் நான் படித்ததில்லை. சாகசக் கதையில் கால்நடை வைத்தியமா எழுத முடியும் என்று கேட்பீர்கள். அதைக் கேட்கவில்லை. வானத்தில் பூப் பூக்கும்போது, மருந்து அடைத்த கையையும் சரம் பின்னிய விரலையும் யாரும் நினைப்பதில்லை. அது எங்களுக்குப் பழகிய வருத்தம். பார்க்கிறவனுக்கு அந்த மறதி சகஜம். எழுதுகிறவனுக்கு அது சகஜமாகிவிடக் கூடாது. வந்தியத்தேவன் ஏரியைப் பார்க்கட்டும், இளைஞன்தானே. அவனை எழுதுகிறவர் இறங்கி, குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருக்கலாம்.