கில்ராயும் கொற்றனும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் சென்ற இடமெல்லாம் சுவர்களில் ஓர் உருவம் காணப்பட்டது. மதிலுக்கு மேலே மொட்டைத் தலை. மதிலைப் பற்றிய விரல்கள். இப்புறம் தொங்கும் நீண்ட மூக்கு. அருகே, ‘கில்ராய் இங்கு வந்திருந்தான்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம். இதனைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால், பலரும் தயங்காமல் ஜேம்ஸ் கில்ராய் என்பர். அவ்விடை பாதியே பொருந்தும்.

அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி நகரக் கப்பல் கட்டுந் தளத்தில் சோதனையாளர். அங்கே ஆணியறைவோருக்கு ஆணிக் கணக்கில் கூலி. எண்ணி முடித்த இடத்தில் இட்ட சுண்ணக்கட்டிக் குறியை அழித்துவிட்டால் அதே ஆணிகள் இருமுறை கணக்கில் ஏறிவிடும். (பால் ஸ்டோரில் நிறுவைக்கு நின்ற தோட்ட மக்களுக்குக் கணக்குச் சண்டை புதிதன்று.) ஆகவே அவர் எளிதில் அழியாத மெழுகுக்கோலால் அவ்வாசகத்தைப் பெரிதாக எழுதினாராம். அவசரத்தில் வண்ணம் பூசாமலே கடலேறிய கப்பல்களில் அதனைக் கண்ட படைவீரர்கள் தாமும் எழுதலாயினர் என்பது வரலாறு. 1946இல் அமெரிக்கப் போக்குவரத்துச் சங்கம் நடத்திய போட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் உரிமை கோரினர். பரிசு இவருக்கே கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா? முழு டிராம் வண்டி ஒன்று! பிள்ளைகள் விளையாட வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்.

இக்கதை சொல்லுக்குத்தான் சான்று, படத்துக்கு அன்று. மூக்கு நீண்ட அவ்வுருவம் பிரிட்டனில் ‘சாட்’ என்னும் பெயருடன் உலவியது. 1938 அளவில் சாட்டர்டன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தது என்பர். ‘என்ன, சர்க்கரை இல்லையா?’ என்று பங்கீட்டுக் காலத்தைப் பழிப்பது அதன் வேலை. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கே உணவான கதையைக் கேட்டு வளர்ந்தோருக்கு இக்கேலி நன்கு விளங்கும். பிரிட்டனில் வந்திறங்கிய அமெரிக்க வீரரிடையே சொல்லும் படமும் கலந்தன எனக் கொள்வதே பொருத்தம். ஆஸ்திரேலியரின் ‘ஃபூ இங்கிருந்தான்’ இவற்றினும் முந்தியது என்பாரும் உளர்.

பலர் கைபட்டு வளர்ந்ததற்கு ஒரே தந்தையைத் தேடும் ஆசை நம்மிடமும் உண்டு. சங்க காலத்து ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் வேறு வேறு காலத்தவர். ஆயினும் வகுப்பறையில் ஒரே மூதாட்டியைத்தானே கோலூன்ற வைக்கிறோம்?

சென்ற இடத்தில் பெயர் பொறிக்கும் பழக்கம் தமிழருக்கும் பழையது. எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் படிக்கப்பட்ட செய்தி 2026இல் வெளிவந்தது. ‘சிகை கொற்றன்’ என்ற பெயர் மட்டும் ஐந்து கல்லறைகளில் எட்டு முறை காணப்படுகிறது. வந்து கண்டதாகவும் ஓரிடத்தில் பொறித்துள்ளான். இங்கே பெயரும் செயலும் கல்லிலேயே உள்ளன. அவன் வணிகனா, மாலுமியா என்பது கல்லில் இல்லை. அவனுக்கு இப்போதே ஊரும் தொழிலும் கற்பிக்க விரைவோர், கில்ராயின் கையில் சாட்டர்டனின் தூரிகையைக் கொடுத்தவர்களுக்கு இளைத்தவரல்லர்.