பிள்ளைக்காம்பராவும் பால்வாடியும்

இலங்கை மலையகத் தோட்டங்களில் வேலைக்குப் போகும் தாய் காலையில் முதலில் ஏறும் படி பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தினுடையது. கைக்குழந்தையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து மலைக்குப் போவாள். அந்தக் காலத்து ஆயா பெரும்பாலும் கொழுந்து பறிக்கக் கை ஓய்ந்த ஒரு பாட்டி. நாலைந்து பிள்ளை பெற்று வளர்த்தவர் என்பதே அவருடைய தகுதி. பாசத்தில் குறை வைத்ததில்லை. ஆனால் பால் குடிக்கும் குழந்தைக்குப் புரையேறி மூச்சு முட்டினால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்று பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள். ஆயாவின் இடத்தில் படித்த, பயிற்சி பெற்ற இளம் பெண்கள் இருக்கிறார்கள். இந்த மாற்றத்தில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்குப் பெரும் பங்குண்டு. தோட்டத்துக்கு வெளியே நிலைமை வேறு. 1987க்குப் பிறகு முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பு என்பதால் விதிகளும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகின்றன. படிக்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது: திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் பெறலாம், தொழில் தகைமையாக என்.வி.க்யூ. எடுக்கலாம்.

இந்தியாவில் விதியை அரசே வகுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்தவைதான் அங்கன்வாடிகள். தமிழ்நாட்டில் பலர் இன்னும் பால்வாடி என்றே சொல்வார்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கான பணிப்பயிற்சி 26 வேலை நாட்கள் என்று நெடுங்காலம் இருந்தது. அந்த நாட்களுக்குள் சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், பதிவேடு, பாட்டு, விளையாட்டு எல்லாம் அடங்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை இது போதாதென்று கண்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு 6 மாதச் சான்றிதழும் மற்றவர்களுக்கு ஓராண்டு டிப்ளோமாவும் வேண்டும் என்றது.

தேயிலை மலையை மட்டும் எடுத்துக்கொண்டால், நீலகிரிக்கும் வால்பாறைக்கும் பொருந்திய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில்தான் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று அன்றே எழுதிவைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் பின்னே போனது. ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வேலைத்தளத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும் என்றது. அவருக்குப் பயிற்சி எதுவும் கேட்கப்படவில்லை. வெயிலும் வெட்டிய குழியும் உள்ள இடத்தில்தான் பயிற்சி மிக அவசியம்.

குழந்தையை மல்லாத்திப் படுக்க வைப்பது, தாய்ப்பாலைப் பிழிந்து கெடாமல் வைப்பது, வயிற்றுப்போக்கில் உப்புச் சர்க்கரைக் கரைசலை அளவோடு கலப்பது, உடம்பிலுள்ள காயம் விழுந்ததாலா அடித்ததாலா என்று சந்தேகிப்பது: இவை பிள்ளை பெற்றதால் மட்டும் வந்துவிடுவதில்லை. கற்றுத்தான் வர வேண்டும். அங்கன்வாடிக்குப் பெரும்பாலும் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் சில மணி நேரம் வருகிறார்கள். பிள்ளைக்காம்பராவுக்கோ பால்குடி மறக்காத குழந்தை நாள் முழுக்க வருகிறது. எனவே இலங்கைத் தோட்டங்களில் பயிற்சி இன்னும் ஆழமாக வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகல்ல, முதல் குழந்தையைக் கையில் வாங்கும் முன்பே.

பெற்றோரே, பிள்ளையை விடப்போகும் இடத்தில் பார்த்துக்கொள்பவர் எங்கே, எத்தனை நாள் பயின்றார் என்று கேளுங்கள். பயின்றவர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.