திரையிற் கண்ட சிவமும் ஏட்டிற் கண்ட திருத்தொண்டும்

அண்மையில் யாம் ஒரு நூலைப் பயின்றும் ஒரு தொலைக்காட்சித் தொடரைக் கண்டும் வந்தோம். நூலாவது, கோவையில் வழக்கறிஞராய் விளங்கிய சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள் (1878–1961) திருத்தொண்டர் புராணத்திற்கு வரைந்து, கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக ஏழு பகுதிகளாய் வெளிப்போந்த விரிவுரை. தொடராவது, 2011 முதல் 2014 வரை இந்தியில் ஒளிபரப்பாகி, ‘சிவம்’ என்னும் பெயரால் தமிழிலும் வழங்கிய ‘தேவோன் கே தேவ் மகாதேவ்’. இல்லத்தார் அதனை மீண்டும் காணத் தொடங்கினமையின் யாமும் உடனிருந்து கண்டோம். பகலில் உரையும் மாலையில் தொடருமாகக் கழிந்த நாட்களில் எம் உள்ளத்தெழுந்த கருத்துக்களை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதற்கண் தொடரின் நலங் கூறுவாம். இறைவராக நடித்த மோகித் ரைனா என்பாரது அமைதி பாராட்டத்தக்கது. ஆரவாரமின்றி, இருந்த இருக்கையிலேயே யோகநிலையைப் புலப்படுத்துகின்றார். மாமியார் மருமகள் பூசலையே கண்டு பழகிய கண்களுக்குத் திருநீறும் கண்டிகையும் நாளுங் காட்சியாயினமை சிறு பயனன்று. ஆயினும், தாட்சாயணி வேள்வித் தீயில் உடல்நீத்த பின், இறைவர் அவ்வுடலைச் சுமந்து ஆற்றாமையால் அலையும் பகுதியைக் கண்ட அன்று, எம் மகள்வயிற்றுப் பேர்த்தி, “அப்புச்சி, சாமியே துக்கப்பட்டால் சாமியை யார் தேற்றுவார்?” என வினவினாள். அவ்வினாவிற்கு அத்தொடரில் விடையில்லை. இக்கட்டுரை எழுதற்குக் காரணமும் அவ்வினாவே.

இக்கதை தொடராசிரியர் புனைந்ததன்று. வடமொழிப் புராணங்கள் சிலவற்றில் உள்ளதே. எனினும், தமிழில் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியர் வேறு நெறியிற் செல்லுதல் காண்க. அங்கே அம்மை தீயிற் புகுந்திலள். வேள்விச் சாலையில் இகழப்பெற்றுத் திருக்கயிலை மீண்டு விண்ணப்பிக்க, வீரபத்திரர் தோன்றி வேள்வியை அழிக்கின்றார். தக்கன் மகளென்னும் பெயரை ஒழிப்பான் விரும்பியே அம்மை மலையரையன் மகளாகின்றாள். இதன்கண் இறைவர் துயருறுதற்கு இடமே இல்லை.

சித்தாந்தத்திற் பதி பிறப்பிலி, விகாரமற்றது. மாறுவது மலத்தாற் பிணிப்புண்ட உயிரே. இறைவன் கொள்ளும் உருவும் போகமும் யோகமும் சினமும் உயிர்களின் பொருட்டு அருளாற் கொள்ளப்படுவன. அவன் ஒறுத்தலும் பெற்றோர் மகவை அடித்துத் திருத்துதல் போன்ற அன்பேயென அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் விளக்கினார். தொடர்க்கதைக்கோ மாறுகின்ற தலைவன் ஒருவன் வேண்டும். இன்று கண்டார் நாளையும் காணவேண்டி, அவனுக்கு வேட்கையும் இழப்பும் மீட்சியும் கற்பிக்கின்றனர். குறையுடையானைக் கதைத்தலைவனாக்கலாம், பதியாக்குதல் எங்ஙனம்?

அற்றேல், இறைவனைத் திரையிற் காட்டுதலே தகாதோ எனின், அன்று. கல்லிலுஞ் செம்பிலும் திருமேனி கண்டு வழிபடும் நாம் அங்ஙனங் கூறுதல் ஒவ்வாது. உருவங் காட்டியது குற்றமன்று. உயிர்க்குரிய மாற்றத்தைப் பதியின்மேல் ஏற்றியதே குற்றம்.

இனி, சேக்கிழார் பெருமான் செய்தது யாது? நம் கொங்குநாட்டு அவிநாசியில் நிகழ்ந்ததாக வெள்ளானைச் சருக்கத்துட் கூறப்படும் வரலாற்றை நோக்குவோம். எதிரெதிர் மனைகள் இரண்டு. ஒன்றில் மங்கல ஒலி. மற்றொன்றில் அழுகை ஒலி. குளத்திற்குச் சென்ற ஐந்தாண்டுச் சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் மங்கலம். திரைப்படக் கருவி இதனைப் பற்றுமாயின் முதலையின் வாயையே பெரிதாக்கிக் காட்டும். சேக்கிழார் காட்டுவது அதுவன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் வந்தருளினார் எனக் கேட்ட அளவில், மகனை இழந்த பெற்றோர் கண்ணீரை மறைத்து முகமலர்ந்து வந்து பணிகின்றனர். மகனை இழந்தவர் நீரோ என வினவியபொழுதும், அது முன்னே நிகழ்ந்தது, எம் அன்பு வீண்போகாமல் தாங்கள் எழுந்தருளினீர் என்றே மகிழ்கின்றனர். அதனாலன்றோ நம்பிகள் உள்ளம் நெகிழ்ந்து, பிள்ளையை மீட்டன்றிச் செல்லேன் எனத் துணிந்து பதிகம் பாடியருளினார்!

இங்கே மாறியது யார்? உயிர். மாறாது நின்று அருளியது யார்? பதி. இறைவன் இவ்வரலாற்றில் உருக்கொண்டு தோன்றவே இல்லை. ஆயினும், அடி முதல் முடிவுவரை நிறைந்து நிற்கின்றான். தொடராக்குதற்கு ஏற்ற துன்பமும் எதிர்பார்ப்பும் இதனுள் இல்லையென எவர் கூறவல்லார்? அறுபத்து மூவர் வரலாறும் இத்தகைய உயிரின் போராட்டங்களே.

உரையைப் பற்றியும் ஒருவார்த்தை. அதன் விரிவு தொடக்கநிலையாளரை மருட்டும். ஒரு பாட்டிற்கு எழுந்த விளக்கம் பல பக்கம் சென்று, கதைப்போக்கை மறக்கச் செய்தலும் உண்டு. இக்குறைகளை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், தலங்களுக்குச் செல்லும் வழியைப் புகைவண்டி நிலையமும் மட்சாலையும் கற்சாலையும் நாழிகையளவுஞ் சுட்டிக் காட்டுமிடத்து, இந்நூல் படித்து வைப்பதற்கன்று, நடந்து சென்று கும்பிடுவதற்கென்று அவர் கருதிய கருத்து விளங்கும். தொடர் பார்ப்பாரை இருந்த இடத்திலேயே இருத்துகின்றது. உரை படிப்பாரை எழுந்து நடக்கச் செய்கின்றது.

அவ்வண்ணமே யாமும் கோவையினின்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவிநாசிக்குப் பேர்த்தியுடன் சென்றோம். பேருந்திற் செல்லும்போதே இவ்வரலாற்றைக் கூறினோம். அவள் முதலையைப் பற்றி ஒன்றுங் கேட்டிலள். “அவர்கள் ஏன் அழுகையை மறைத்தார்கள்?” என்றே கேட்டாள். முன்னைய வினா பதியின் இலக்கணம் அறியாமையாற் பிறந்தது. இது அடியாரது அன்பின் ஆழங் காண விழைந்து பிறந்தது. இதற்கு விடை கூறத் தொடங்கின், திருவருட்பயனும் சிவஞானபோதமும் தாமே வந்து கைகொடுக்கும். எத்தகைய வினாவை நம் பிள்ளைகள் வாயில் எழுப்புகின்றது என்பதே நூலுக்கும் தொடருக்கும் நாம் வைத்தற்குரிய உரைகல்லாகும்.