வெட்டுப்புள்ளியின் நேர்மை

மறைமலை நகரில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில், வாகன உதிரி பாகங்களின் நடுவே, பள்ளிவாசல் ஒன்றுக்கான ஜாலிச் சாளரத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எண்முனை நட்சத்திரங்கள் நிறைந்த எஃகுத் தகடு அது. லேசர் கதிர் மயிரிழையும் பிசகாமல் வெட்டியிருந்தது. ஆயினும் சற்று நின்று நோக்கியபோது கண்ணை உறுத்திற்று. நட்சத்திரங்கள் நெடுக்கில் நீண்டிருந்தன. விளிம்பை அடைந்த கோடுகள் தமக்குரிய துணைக்கோட்டைச் சந்திக்காமலே முறிந்து நின்றன. சாளரத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, எங்கிருந்தோ எடுத்த படத்தை இழுத்தும் நறுக்கியும் இருக்கிறார்கள். தனக்கு இடப்பட்ட பிழையை இயந்திரம் மிகத் துல்லியமாக நிறைவேற்றியிருந்தது.

இதைச் சிறு குறை என்று தள்ளிவிட இயலாது. இஸ்லாமிய வடிவ அலங்காரத்தின் உயிர், கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே உள்ளது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று கண்டவர் ஈ. எச். ஹாங்கின். ஆக்ராவில் அரசு இரசாயனப் பரிசோதகராகப் பணியாற்றிய ஆங்கிலேயர் அவர். கங்கை நீரின் கிருமிக்கொல்லி இயல்பு பற்றி 1896இல் எழுதியவரும் அவரே. ஃபத்ஹ்பூர் சிக்ரியில் ஹம்மாம் ஒன்றின் சுண்ணப் பூச்சில், அலங்காரக் கோடுகளின் ஊடே மங்கலான கீறல்களை அவர் கண்டார். அவை ஒன்றையொன்று ஒட்டி நின்ற பலகோணங்கள். வடிவத்தின் கோடுகள் அப்பலகோணப் பக்கங்களின் நடுப்புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டி அப்பால் சென்றன. பணி முடிந்தபின் பலகோணம் கண்ணுக்குப் புலப்படாது. வெட்டுப்புள்ளிகளே அதற்குச் சாட்சியாக நிற்கும். இவ்வாய்வை இந்தியத் தொல்லியல் துறை 1925இல் வெளியிட்டது.

நம் தெருவாசல்களின் சிக்குக் கோலத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கே புள்ளி வெளிப்படையாக இருக்கும். கோடு அதைத் தொடாமல் வளைத்துச் செல்லும். இங்கே புள்ளி மறைந்திருக்கும். கோடு அதன் வழியாகவே செல்லும். இரண்டிலும் புள்ளி பிசகினால் வடிவம் குலையும்.

படத்தை ஒருபுறமாக இழுத்தால் கோடுகள் சந்திக்கத்தான் செய்யும். ஆனால் சந்திக்கும் கோணங்கள் மாறிவிடும். எட்டு முனைகளும் சமமாக இருக்கமாட்டா. நறுக்குவதில் விளையும் கேடு இதனினும் பெரிது. மரபுவழிப் பணியில் எல்லைக்கோடு வடிவத்தின் சமச்சீர் அச்சில் விழும். மூலையில் கால் நட்சத்திரமும் விளிம்பில் அரை நட்சத்திரமும் அமையும். எஞ்சியதைச் சுவருக்கு அப்பாலும் கண் தானே நிறைவு செய்துகொள்ளும். தோன்றிய இடத்தில் நறுக்கினால் அந்தத் தொடர்ச்சி அற்றுப்போகிறது.

பக்தாதில் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940-998) இத்தகைய பிழையை நன்கு அறிந்தவர். கைவினைஞருக்குத் தேவையான வடிவ கணிதத்தைத் தொகுத்து அவர் எழுதிய நூலில் ஒரு விவாதம் வருகிறது. மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்க வேண்டும். கைவினைஞரின் ஒரு முறையில் கிடைத்த உருவின் பக்கம், சிறு சதுரத்தின் பக்கமும் அதன் மூலைவிட்டத்தில் பாதியும் சேர்ந்த நீளமாகும். சிறு சதுரத்தின் பக்கம் 1 எனில் இது 1.707, வேண்டியதோ 3இன் வர்க்கமூலமாகிய 1.732. பத்து சென்டிமீட்டர் ஓட்டில் வேறுபாடு இரண்டரை மில்லிமீட்டர்தான். கண் இதில் எளிதில் ஏமாறும்.

பூஸ்ஜானி பிழையைச் சுட்டியதோடு நிற்கவில்லை. இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி, கிடைக்கும் நான்கு முக்கோணங்களையும் மூன்றாம் சதுரத்தைச் சுற்றி வைத்து, அவற்றின் செங்கோண உச்சிகளை இணைக்கச் சொன்னார். வெளியே நீளும் துண்டுகளை வெட்டி இடைவெளிகளில் பொருத்தினால் சதுரம் பிழையின்றி அமையும். கணித அறிஞர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நிறுவத் தெரிந்தும் வெட்டும் தொழிலின் சிரமம் அறியாதவர்கள் அவர்கள் என்பது அவரது கருத்து.

பட்டறைத் தொழிலாளி கொடுத்த படத்தை வெட்டினார், அவர்மீது குற்றமில்லை. பொறுப்பு நம்முடையது. முஸ்லிம் கணித மேதைகளின் பெயர்களை மேடைதோறும் பெருமையோடு அடுக்குகிறோம். அவர்கள் கற்பித்ததைப் பள்ளிவாசல் கட்டும்போது மறந்துவிடுகிறோம். பரிகாரம் அரிதன்று. 4 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள சாளரத்தில் 2 அடிச் சதுரங்கள் ஆறு சரியாக அடங்கும். உயரம் ஐந்தரை அடியானால் 1 அடிச் சதுரங்களை 4க்கு 5 என வைத்து, மேலும் கீழும் 3 அங்குலக் கரைப்பட்டை விடலாம். எதையும் இழுக்கவோ நறுக்கவோ தேவையில்லை.

புதிய பள்ளிவாசலுக்குத் திட்டமிடும் ஜமாஅத் நிர்வாகிகள், தகட்டை வெட்டக் கொடுக்குமுன் ஒரு சதுரத்தையேனும் கவராயமும் அளவுகோலும் கொண்டு தாளில் வரையச் செய்து பார்க்கட்டும். ஒரு மாலைப்பொழுது போதும். அந்தச் சாளரத்தின் ஒளியில் தலைமுறைகள் தொழப்போகின்றன.