சுருதி நகர்வது அழகா? வெண்டி கார்லோஸை முன்வைத்து

மாட்யூலர் சிந்தசைஸர் பற்றி எதைப் படித்தாலும் ஒரு கருத்து கண்ணில் பட்டுவிடும்: பழைய அனலாக் ஆசிலேட்டர்கள் சுருதியில் நிற்காது, அதுதான் அவற்றின் உயிர். டியூனரை வைத்துக்கொண்டு திருகைத் திருப்புகிறவன் அந்த உயிரைக் கொல்கிறான் என்கிற அளவுக்குச் சிலர் போவதுண்டு. இதற்கு அத்தாட்சியாக 1968ல் கொலம்பியா வெளியிட்ட கார்லோஸின் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' தொகுப்பையும் காட்டுவார்கள். மோக் சிந்தசைஸரில் பாக் வாசித்து மூன்று கிராமி விருது வாங்கிய இசைத்தட்டு. (மூக் இல்லை, மோக். ராபர்ட் மோக் தன் பெயரை அப்படித்தான் உச்சரித்தார்.) எனக்கு இந்த அத்தாட்சி செல்லாது என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், ஆசிலேட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் அந்தச் சின்னத் திருகைப் பார்த்துவிடலாம்.

மோக் வகுத்த முறை எளிது. ஒரு வோல்ட் கூட்டினால் ஸ்வரம் ஒரு ஆக்டேவ் ஏற வேண்டும். அதாவது அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும். அரை ஸ்வரத்துக்கு 83.3 மில்லிவோல்ட், ஒரு சென்டுக்கு ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. கூட்டலைப் பெருக்கலாக மாற்றுகிற இந்த வேலையைச் செய்வது ஒரு சாதாரண டிரான்சிஸ்டர். அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் அதில் ஓடும் மின்சாரம் இரட்டிப்பாகும். இயற்கையாகவே அமைந்த குணம். ஆக, வெளியிலிருந்து வரும் ஒரு வோல்ட்டை இந்த 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால் போதும். அந்தக் குறைப்பின் அளவை நிர்ணயிப்பதுதான் 'ஸ்கேல்' டிரிம்மர்.

இந்த அளவில் ஒரு சதவீதம் பிசகினால் என்ன ஆகும்? ஒரு ஆக்டேவுக்கு 12 சென்ட் தவறும். ஐந்து ஆக்டேவ் போனால் 60 சென்ட், அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மார்க் வாங்கியும் ஃபெயில் ஆகிற பரீட்சை இது.

அது மட்டுமா! அந்த 18 மில்லிவோல்ட்டும் நிலையானது கிடையாது, வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அறை வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு மூன்றில் ஒரு சதவீதம். மேலே சொன்ன கணக்கில் போட்டால் ஆக்டேவுக்கு 4 சென்ட், ஐந்து ஆக்டேவுக்கு 20. மூடியைக் கழற்றி டிரான்சிஸ்டர் மேல் வாயால் ஊதிப் பாருங்கள், ஸ்வரம் நகர்வது காதிலேயே விழும். இதைச் சமாளிக்கத்தான் ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடியாகப் போடுவார்கள். வெப்பத்துக்கு ஏற்ப எதிர்ப்பு மாறும் ஒரு ரெசிஸ்டரை அவற்றின் முதுகில் ஒட்டியும் வைப்பார்கள். சும்மா பக்கத்தில் வைத்தால் போதாது, தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

திருகைத் திருப்புவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கீழ் ஸ்வரத்தைச் சரிசெய்துவிட்டு மேலே ஒரு ஆக்டேவ் போய்ப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். டிரிம்மரைத் திருப்பி மேல் ஸ்வரத்தைச் சரியாக்கினால், கீழ் ஸ்வரம் இடம் மாறியிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கீழே, மேலே, கீழே, மேலே என்று போய்ப் போய்த்தான் முடிவுக்கு வர முடியும். மின்சாரம் கொடுத்து அரைமணி நேரமாவது சூடேறிய பிறகுதான் தொடங்கவே வேண்டும். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை.

சரி, கார்லோஸுக்கு வருவோம். அவர் கையில் இருந்த மோக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். பாக்கோ பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற இசை. எனவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக எட்டு டிராக் டேப்பில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்தக் காலத்து ஆசிலேட்டர்கள் கொஞ்ச நேரம்கூடச் சுருதியில் நிற்காதவை. சிறு சிறு துண்டுகளாக வாசிப்பது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி வாசிப்பது என்றுதான் வேலை நடந்தது.

நகர்வை ரசிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள் கொஞ்சம் விலகி நின்றால் அலையடிப்பு வரும், அது காதுக்கு இதம். ஆனால் மேல் குரலைக் காலையிலும் கீழ் குரலைச் சாயங்காலமும் பதிந்து, இடையில் அறை இரண்டு டிகிரி சூடாகியிருந்தால்? அது இதமில்லை, அபஸ்வரம். அந்த இசைத்தட்டில் நமக்குக் கேட்பது சுருதியின் நகர்வு அல்ல, அதன்மேல் அடைந்த வெற்றி. பிறகு அதில் உயிர் எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கி அடங்குகிற விதத்தில், ஒரே வரி சில நொடிகளுக்குள் நாதம் மாறிக்கொண்டே போவதில். மூன்றாம் பிராண்டன்பர்க் கச்சேரியின் நடுப்பகுதிக்கு பாக் எழுதிவைத்தது இரண்டே கார்டுகள். அங்கே மட்டும் கார்லோஸ் கட்டவிழ்த்து விளையாடுகிறார். இருபுறமும் சுருதி இறுக்கமாக நிற்பதால்தான் அந்த விளையாட்டு விளையாட்டாகத் தெரிகிறது.

இதற்காக எல்லாம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்னு நான் சொல்லவில்லை. இரண்டு ஆசிலேட்டர்கள் இம்மி பிசகாமல் ஒன்றினால் காதுக்கு ஒரே ஆசிலேட்டர்தான், இரண்டுக்குக் காசு கொடுத்தது வீண். 440க்குப் பக்கத்தில் 441 வைத்தால் நொடிக்கு ஓர் அலை. ஒரு ஆக்டேவ் மேலே 880, 882, நொடிக்கு இரண்டு. இப்படிச் சீராக ஏறுகிற அலையடிப்பை நாம் விரும்பி வைக்கிறோம். ஸ்கேல் பிசகிய ஆசிலேட்டரில் அது கீழே இனிமையாக இருந்து மேலே போகப் போகச் சண்டையாகிவிடும். வைத்த விலகலும் வந்துவிட்ட விலகலும் ஒன்றில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் 'அனலாக் வெதுவெதுப்பு' என்ற ஒரே பையில் போடுவதுதான் என் முக்கியமான புகார். 2020ல் மீண்டும் வந்த ப்ராஃபெட் 5ல் 'விண்டேஜ்' என்றே ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள், திருப்பினால் பழைய கருவியின் தடுமாற்றம் வரும். கேலி செய்வது சுலபம். ஆனால் திருப்பி வைத்ததை அடக்கவும் முடிகிற குமிழ் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இந்த முறைமேல் எனக்கும் ஒரு குறை உண்டு. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் என்றால், அந்த வோல்ட்டைப் பன்னிரண்டாகத்தான் பிரிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பன்னிரண்டு பெயர்கள் மட்டுமே தெரிந்த டியூனரும், பன்னிரண்டு கட்டைகளும், குவான்டைசரும் சேர்ந்து நம்மை அதற்குள் அடைத்துவிட்டன. இதையும் உடைத்தவர் அதே கார்லோஸ்தான். 1986ல் வந்த 'பியூட்டி இன் தி பீஸ்ட்' தொகுப்பில் அவர் பயன்படுத்திய ஆல்பா என்ற அளவில் ஒரு படி 78 சென்ட். ஐந்து படி ஏறினால் 390, தூய காந்தாரமான 386க்கு மிக அருகில். ஒன்பது படி ஏறினால் 702, கச்சிதமான பஞ்சமம். ஆனால் ஆக்டேவ் வராது: 15 படி 1170, 16 படி 1248. அவர் அதை வாசித்தது டிஜிட்டல் கருவிகளில். ஒழுங்காகக் காலிபரேட் செய்த நம் மாட்யூலிலும் அது சாத்தியம், படிக்குச் சரியாக 65 மில்லிவோல்ட். நம்முடைய சம அளவுக் காந்தாரம் தூய காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். ஆக்டேவுக்கு 12 சென்ட் பிசகும் கருவியில் இந்த நுட்பத்தை யாருக்குக் காட்டுவது?

1992ல் கார்லோஸ் அதே பாக்கை 'ஸ்விட்ச்டு ஆன் பாக் 2000' என்று டிஜிட்டலில் மறுபடி வாசித்தார். இம்முறை சம அளவை விட்டுவிட்டு பழைய காலத்துச் சுருதி முறைகளைக் கையாண்டார். கார்டுகள் 1968ஐவிடத் தெளிவாக அமர்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் திரும்பப் போவது பழைய தட்டுக்குத்தான். புதியதில் ஸ்வரங்களின் தொடக்கம் மழுங்கியிருக்கிறது, நாதம் மாறும் வேகம் குறைந்திருக்கிறது. குறை சுருதியில் இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஹெட்ஃபோனில், கீழ்க் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.