நிழலில் நின்ற பிராடோ

பழைய பிராடோ வாங்கப் போகிறவர் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை ஓடியிருக்கு?" என்றுதான். அளவெட்டியில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது என்பது. இங்கே விலைக்கு வருகிற ஜீப்புகளில் கணிசமானவை வெளிநாட்டில் இருப்பவர் வாங்கி விட்டவை. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கும் ஒரு கலியாணவீட்டுக்கும் வெளியே வரும். மிச்ச நாளெல்லாம் தகரக் கொட்டகைக்குள் துணி போர்த்துக்கொண்டு நிற்கும்.

அண்மையில் உறவினர் ஒருவருக்காக நான் பார்க்கப் போனதும் அப்படி ஒன்றுதான். 2016ஆம் ஆண்டு பிராடோ, 2.8 லீற்றர் டீசல், முத்து வெள்ளை. "மீற்றரைப் பாருங்கோ அண்ணை, ஐம்பதாயிரம்கூட இல்லை. கீறல் ஒண்டு காட்டுங்கோ பாப்பம்" என்றார் விற்க நின்ற தம்பி. மீற்றர் பொய் சொல்லவில்லை. ஸ்டியறிங் தோல், பிரேக் மிதியின் றப்பர், சாரதி இருக்கையின் ஓரம் மூன்றும் அந்தக் கணக்குக்கு ஒத்துப்போயின. ரயரின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தபோதுதான் கதை மாறியது. அங்கே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. நான்கு ரயரும் 2016இல் செய்தவை. தடம் புதுசுபோல இருந்தது, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். அந்த ரயரோடு ஏ9 வீதியில் கொழும்புக்கு வெளிக்கிட நான் துணியமாட்டேன்.

எஞ்சினைக் குளிரில்தான் கேட்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ" என்று முதல்நாளே சொல்லிவிட்டு விடியப் போங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்னரே எழும்பிவிட்டார்கள். குளிரில் முதல் ஒரு நிமிடம் தட்டுகிற சத்தம் வந்து பிறகு அடங்கினால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். பழைய 3.0 லீற்றர் டீசலில் இது பேர்போன வருத்தம். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வளையம் கசிந்தால், எரிந்த கரி ஒயிலோடு கலந்து, கடைசியில் ஒயிலை உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கானிலும் பரலிலும் கிடந்த டீசலை எத்தனை வண்டிகள் குடித்தன என்று யாருக்குத் தெரியும்? மண்ணெண்ணெயில் ஏ40 கார் ஓட்டிய ஊர் இது. காதாலேயே எஞ்சினின் குறையைப் பிடிக்கிற மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். ஆனால் பிராடோவின் டீசல் எஞ்சினுக்குக் காது மட்டும் போதாது. ஸ்கானர் பூட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் வாசிக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் செலவு காத்திருக்கிறது.

2.8இல் தொல்லை வேறு இடத்தில். புகைக்கரியைப் பிடித்து வைத்து, பிறகு சூட்டில் எரித்துத் தள்ளும் வடிகட்டி ஒன்று அதன் புகைக்குழாயில் உண்டு. எரிப்பதற்கு வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அளவெட்டியிலிருந்து மல்லாகச் சந்தி, சுன்னாகம் சந்தை, திரும்பி வீடு என்றால் எஞ்சின் சூடேறவே நேரமில்லை. எரிப்பு இடையில் நின்றுபோகும்போதெல்லாம் எரியாத டீசல் ஒயிலுக்குள் இறங்கும். ஆகவே ஒயில் குச்சியை இழுத்து, குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மேல் கோட்டைத் தாண்டிக் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த வண்டியில் கூடியிருந்தது. ஆனையிறவு மட்டும் ஓட்டிப் பார்க்கக் கேட்டேன், "அவ்வளவு தூரம் என்னத்துக்கு அண்ணை?" என்றார் தம்பி. அதுதான் தேவையான தூரம்.

றேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியபின் திறவுங்கள். வலிகாமம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படை கட்டுவது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அதே தண்ணீரைத்தான் பொறுப்பாக நின்றவர் றேடியேற்றருக்குள்ளும் ஊற்றியிருப்பார். ரொயோற்றாவின் குளிர்திரவம் இளஞ்சிவப்பு. உள்ளே துரு நிறமோ வெள்ளைப் பொருக்கோ தெரிந்தால் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள். எலி கடித்த வயர்களையும் தேடுங்கள். சீற் பெல்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்முனையில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து மலிவாக வருகிற எதற்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

நான்கு சக்கரத்தின் லோ கியரையும் நடு டிஃபரென்ஷல் பூட்டையும் தோட்டத்து மண் பாதையில் போட்டுப் பாருங்கள். தார் றோட்டில் பூட்டினால் கியர்களுக்குத்தான் கேடு. ஒழுங்கைக்குள் எதிரே லான்ட்மாஸ்டர் வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்பதையும் அங்கேயே அறிந்துகொள்ளலாம்: பிராடோவின் அகலம் 1.88 மீற்றர்.

செசி இலக்கத்தின் முன்னெழுத்துகளே பாதிச் சரித்திரம். டீஆர்ஜே என்றால் 2.7 பெற்றோல், ஜீடீஜே 2.8 டீசல், கேடீஜே 3.0 டீசல். ஜப்பானில், 2016 பிராடோ சேர்ந்த இந்த 150 வரிசைக்கு 2015 வரை டீசலே இல்லை. அதனால் கேடீஜே வண்டியை "ஜப்பான்" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு, அடியில் குனிந்து பாருங்கள். பிரித்தானியாவிலிருந்து இறக்கியதாக இருந்தால், பனிக்கால வீதி உப்பு செசியைத் தின்றிருக்கும். மேலே கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்.

கடதாசி விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். செசி, எஞ்சின் இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பாகங்களைப் பொருத்தி, வேறொரு வண்டியின் இலக்கத்தில் ஓடவிட்ட சொகுசு ஜீப்புகளைப் பொலிஸார் பிடித்த செய்திகள் நாம் வாசித்தவைதானே. லீசிங் கொம்பனியின் பெயர் புத்தகத்தில் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் ரொறன்ரோவில் என்றால், இங்கே விற்பவரிடம் உள்ள அற்றோணித் தத்துவத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டு, 14 நாளுக்குள் பெயரை மாற்றுங்கள்.

விலை குறையும் என்று காத்திருப்பதில் அதிக பயனில்லை. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், மூன்று வயதுக்கு மேற்பட்ட ஜீப்பை இறக்க முடியாது. 2016 பிராடோ இனிப் புதிதாக வராது. விற்பவருக்கும் அது தெரியும்.

உறவினருக்கு நான் சொன்னது: ஆண்டில் சில வாரம் வந்து போகிறவருக்கு டீசல் வேண்டாம். 2.7 பெற்றோலைத் தேடுங்கள். 163 குதிரைவலு, இரண்டு தொன்னுக்கு மேல் எடை. முந்திச் செல்ல ஏறி மிதித்தால் சத்தம்தான் முதலில் வரும். பெற்றோலும் நன்றாகக் குடிக்கும். ஆனால் அதற்குக் கரி வடிகட்டி இல்லை, விலை கூடிய டீசல் இன்ஜெக்டர் இல்லை. மாதக்கணக்காக நிற்பதை அதுதான் பொறுக்கும். அவருக்கு இன்னும் அந்த முத்து வெள்ளையில்தான் கண். அப்படியானால் நான்கு ரயர், பற்றரி, றேடியேற்றர், வடிகட்டிச் சுத்திகரிப்பு எல்லாவற்றுக்கும் கராஜில் எழுத்தில் விலை வாங்கி, கேட்ட விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.