ஊறவிட்ட ராத்திரி

பல வருஷம் கொட்டகையில் கிடந்த பழைய அம்பாசடரை வாங்கியதும் சாவியைத் திருகக் கை துறுதுறுக்கும். திருகக் கூடாது. உத்தர்பாராவில் பிறந்த அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும்.

டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் காபி நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இந்தக் காத்திருப்புதான்.

விடிந்ததும் வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி, நிதானமாகச் சுற்ற வேண்டும். முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள், ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைந்துவிடும். இன்னொரு நாள் ஊறட்டும். அசைந்துவிட்டால் பிளக் துளையில் 'புஸ்' என்று ஒரு மூச்சு வரும். கட்டைவிரலால் மூடிப் பார்த்தால் எந்த சிலிண்டர் தெம்பாக இருக்கிறது, எது சோர்ந்திருக்கிறது என்று விரலே சொல்லும்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் கம்ப்ரஷன் கேஜ். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஒரு ஸ்பூன் ஆயில் இவ்வளவு பேசுவது இன்றும் எனக்கு வியப்பு.